ஆறு பங்கு

கோமளவல்லி ஆசிரமத்துக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து, வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் ஒதுங்கி வழிவிட்டார். அவளுக்கு அறுபது தாண்டியும் அவள் கோபத்துக்கு மட்டும் வயதாகவில்லை.

குரு அருளம்மை அவளைவிட ரொம்ப இளையவர். அவர் சொல்லித்தான் தை மாதத்திலிருந்து கோமளவல்லி இரண்டைக் குறைத்து வந்தாள். இதயம் பலவீனமான கணவர் சிங்காரவேலுவுக்கு உப்பு, தனக்குக் கோபம்.

"உங்க பேச்சைக் கேட்டு என்னம்மா ஆச்சு?" என்றாள், உட்காராமலே. "உப்பில்லாத ரசம், உப்பில்லாத கூட்டு. ஒவ்வொரு வாய்க்கும் அந்த மனுஷன் என்னைத் திட்டுறாரு. நான் வாயே திறக்கலை. ஆனா அவருக்குக் கால் வீக்கம் வத்தலை, படுத்தா மூச்சு முட்டுது. டாக்டர் என்னையே சந்தேகமாப் பாக்கறார். நான் என்ன திருட்டுத்தனமா உப்பு போடறேனா?"

"சாப்பாடு தவிர வேற என்ன சாப்பிடுறார்?"

"நாக்கு செத்துப்போச்சுன்னு புலம்புவார். பாவமேன்னு சாயங்காலம் ஒரு பாக்கெட் கேழ்வரகு சிப்ஸ் தர்றேன். அதுவும் கண்டதை வாங்கலை."

வரும் வழியில் வாங்கியதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். முன்பக்கத்தில் பெரிதாக ஒரு சிவப்பு இதயம். 'இதயத்துக்கு இதமானது' என்று வேறு போட்டிருந்தது.

"இதுல உப்பு எவ்வளவு?"

"சோடியம் இருநூத்து நாப்பது மில்லிகிராம். நானே படிச்சுப் பார்த்தேன். மில்லிகிராம்னா தூசி மாதிரிம்மா."

"அதுக்கு மேல் வரி?"

பொடி எழுத்து. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"ஒரு பங்குக்கு. பங்குன்னா இருபத்தஞ்சு கிராம்."

"பாக்கெட் மொத்தம்?"

"நூத்தம்பது." அவள் குரல் இறங்கியது. "அப்ப ஆறு பங்கு."

"பெருக்குங்க."

"ஆயிரத்து நானூத்து நாப்பது."

"அது சோடியம். இன்னும் இரண்டரையால பெருக்கினாத்தான் உப்பு."

கோமளவல்லி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். மூவாயிரத்து அறுநூறு. மூன்றரை கிராமுக்கும் மேலே.

அருளம்மை சமையலறைக்குப் போய் வந்தார். அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலாக உப்பை அள்ளி வந்து அவள் உள்ளங்கையில் கொட்டினார்.

"வாயில போடுங்க."

"இவ்வளவையுமா? எப்படிம்மா?"

"அவர் தினமும் சாயங்காலம் போட்டுக்கிறார்."

கோமளவல்லி கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதமாக விழுங்கிய வசவெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"ஒரு பாக்கெட்டை ஆறு பேர் பங்கு போட்டுத் திங்கிற வீடு எங்கம்மா இருக்கு? இது கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே இதயப் படம் போட்டு விக்கிறான். ரசத்துல ஒரு கல்லு விழுந்துடக் கூடாதுன்னு பயந்து பயந்து சமைச்சுட்டு, இதை நானே தட்டுல கொட்டி, சாப்பிடுங்கன்னு குடுத்தேனே. பாவிங்க."

கையை உதறினாள், உப்பு தரையில் சிந்தியது. சட்டென்று நினைவு வந்தவளாக உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. கோபத்தைக் குறைக்கச் சொன்னீங்க."

அருளம்மை பாக்கெட்டைத் திருப்பி அவள் கையில் வைத்தார். கீழே கம்பெனியின் முகவரியும், புகார் சொல்லும் எண்ணும் இருந்தன. அங்கே விரலை வைத்துக் காட்டினார்.

"நான் குறைக்கச் சொன்னது ஒரு பங்குக் கோபத்தை" என்றார். "இது முழுப் பாக்கெட்."