பதினோரு கடை, ஒரே பெஞ்சு

“எல்லாம் படிச்சாச்சு டீச்சர். இனி என்ன பாக்கி இருக்கு?” என்றாள் செங்கமலம்.

கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பது வயதில் மவுஸ் பிடிக்கப் பழகியவள். மேலக்கரட்டூரில் பாக்குமட்டைத் தட்டு செய்யும் பதினோரு பெண்களும் இந்த வகுப்பில்தான் படிக்கிறார்கள். நெட்டில் முதல் ஆர்டர் விழுந்தது அவளுக்கு.

பெங்களூரில் ஒரு கல்யாணம். எட்டாயிரம் தட்டு. வேன் இன்றைக்கே வருகிறது. மூட்டைகளுக்குப் புருஷனைக் காவல் வைத்துவிட்டு, டீச்சரிடம் சொல்லிப் பெருமைப்பட பஸ் பிடித்து ஓடி வந்திருக்கிறாள். மற்ற பத்துப் பேரும் வழக்கம்போல் வகுப்பில் இருந்தார்கள்.

டீச்சர் தில்லைநாயகிக்கு இருபத்தாறு வயது. பேச்சில் மட்டும் மகா கஞ்சம்.

“வேன் வரட்டும்க்கா.”

வந்தது. வகுப்பு வாசலிலேயே வந்து நின்றது.

“மேலக்கரட்டூர் மட்டைத்தட்டு கம்பெனி இதுதானுங்களா?” டிரைவர் எட்டிப் பார்த்தான்.

செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஊரு பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கு, தம்பி. இது கம்ப்யூட்டர் வகுப்பு.”

“மேப்பு இங்கதான் காட்டுது. பன்னெண்டுக்குள்ள சரக்கு ஏறலைன்னா வேற எடத்துல எடுத்துக்கச் சொல்லிட்டாரு ஓனரு.”

மணி பத்தே முக்கால்.

டீச்சர் சுவரில் இருந்த பெரிய திரையில் மேப்பை விரித்தாள்.

மேலக்கரட்டூர் வெறிச்சென்று கிடந்தது. பெயருக்கு ஒரு கடை இல்லை. பதினோரு கடையும் இந்த அறைக்குள், ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

கடையை மேப்பில் பதிந்த அன்றைக்கு, இதே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ‘நான் இருக்கும் இடம்’ என்ற பொத்தானைப் பதினோரு பேரும் ஒன்றாக அமுக்கினார்கள். அமுக்கிவிட்டுக் கைதட்டவும் செய்தார்கள்.

“நான் இருந்த எடத்தத்தானே அமுக்குனேன் டீச்சர்? அது தப்பா?”

“சரியாத்தான் அமுக்குனீங்க.”

“அப்ப மேப்பு தப்பா?”

“அதுவும் சரிதான்.”

செங்கமலம் திரையைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல் வந்து உட்கார்ந்த பெஞ்சு.

டீச்சர் ஒவ்வொரு கம்ப்யூட்டராக அணைத்தாள். விளக்கை அணைத்தாள். கதவைப் பூட்டினாள்.

செங்கமலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பொத்தானை அவரவர் கடை வாசலில் நின்று அமுக்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேனின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

“ஏறுங்கடி எல்லாரும். டீச்சர், நீங்களும்.”

திபுதிபுவென்று ஏறினார்கள். செங்கமலம் வழி காட்ட முன்னால் போய் உட்கார்ந்தாள்.

டிரைவர் பதறிப் போனான். “ஏனுங்க, வகுப்பப் பூட்டிட்டு இத்தனை பேரும் எங்க கெளம்பிட்டீங்க?”

“வகுப்புக்குத்தான். வண்டிய எடு தம்பி.”