தேடினால் வராத கதை

மலைமேல் ஓர் ஏரி. ஏரிக்கு நடுவே ஒரு திட்டு. மார்கழி பிறந்துவிட்டால், அந்தத் திட்டு இருக்கிறதா இல்லையா என்று கரையில் நிற்பவர்களால் சொல்ல முடியாது. அவ்வளவு பனி.

திட்டில் தவமணி என்ற பெண் துறவி இருந்தார். இளவயதுக்காரர். ஒரு முடிகூட நரைக்கவில்லை. அவரிடம் வரும் சீடர்களில் பலருக்கு அவருடைய அப்பா வயது. அவர் அவர்களை அண்ணே என்பார், அக்கா என்பார். அவர்கள் அவரை அம்மா என்பார்கள். யாருக்கும் இது விசித்திரமாகத் தோன்றியதில்லை.

அந்தச் சீடர்களில் ஒருவர் நாச்சியப்பன். அவர் ஒரு கடை நடத்தினார். கதவு இல்லாத, கல்லாப்பெட்டி இல்லாத கடை. கைபேசிக்குள் இருந்தது. பெயர் செவிச் சந்தை. பல ஊர்களிலும் இருக்கும் கதைசொல்லிகள் தங்கள் கதைகளைத் தங்கள் குரலிலேயே பதிந்து அங்கே வைப்பார்கள். பிடித்தவர்கள் காசு கொடுத்து வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். எந்தக் கதை சந்தையில் இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்வது நாச்சியப்பன்தான்.

அன்று காலை அவர் பரிசலில் ஏறினார். துடுப்புப் போட்டவர் சூசை.

"ஐயா, உங்க சந்தையில கதை சொல்லுவாங்களே மரகதவல்லி அம்மா, அவங்க எப்ப இறந்தாங்க?" என்று சூசை கேட்டார்.

நாச்சியப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். "இறந்துட்டாங்கன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. அவங்க நிலாக் கதையைத் தேடினா வரமாட்டேங்குது. பேரைப் போட்டாலும் வரலை. உயிரோட இருக்கிறவங்க அப்படியா மறைஞ்சு போவாங்க? எங்க வீட்டுக்காரி மாதா கோயில்ல மெழுகுவத்தியே ஏத்திட்டா."

நாச்சியப்பன் பனிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பனிக்குள் துடுப்பின் சத்தம் மட்டும் கேட்டது.

திட்டில் தவமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணே."

"சந்தையில எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது? எனக்கு ஒரு விதி சொல்லுங்க."

"என்ன நடந்துச்சு?"

"ஒரு கதை வந்துச்சு. மரகதவல்லின்னு ஒரு அம்மா சொன்னது. ராஜாவோட குளத்துல நிலா கிடக்குது. ஒரு பொம்பளை இடுப்பளவு தண்ணியில இறங்கி, அதை முந்தானையில அள்ளிக்கிட்டுப் போயிடறா. வீட்டுல அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைக்கிறா. ராஜா தேடாத இடம் இல்லை. ஊரே இருட்டு. அவ குடிசையில மட்டும் பானை மூடி இடுக்கு வழியா கொஞ்சம் வெளிச்சம் வழியுது. அந்த வெளிச்சத்துல அவ பிள்ளை தூங்குது. கதை அவ்வளவுதான்."

தவமணியின் கை கீரையில் நின்றது. "அவ பிடிபடலையா?"

"அதுதானேம்மா பிரச்சினை! கடைசிவரைக்கும் பிடிபடலை. வருத்தப்படவும் இல்லை. 'பிள்ளைங்களுக்குத் திருட்டைச் சொல்லிக் கொடுக்கறீங்களா'ன்னு பெத்தவங்க சண்டைக்கு வந்தாங்க. நியாயம்தான், எனக்கும் பேரன் இருக்கான். உடனே இன்னொரு கூட்டம் கிளம்புச்சு. 'எங்க காசு, எங்க காது, நடுவுல நீ யாரு'ன்னு. அதுவும் நியாயம் மாதிரிதான் இருந்துச்சு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

நாச்சியப்பன் முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்தது.

"எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. மறைச்சுட்டேன். அந்தம்மா தன்னோட பக்கத்தைத் திறந்து பார்த்தா கதை அங்கேயேதான் இருக்கும். வேற யார் தேடினாலும் வராது. அவங்க பேரும் வராது. தடைங்கிற வார்த்தையே நான் சொல்லலை. ரெண்டு பக்கமும் சத்தம் அடங்கிடுச்சு. ஒருத்தர் மனசும் நோகலை."

"நல்லதாப் போச்சு. பிறகு எதுக்கு வந்தீங்க?"

பெருமை வந்த வழியே போய்விட்டது.

"நேத்து அந்தம்மா போன் பண்ணினாங்க. 'ஐயா, என் கதையை ஒருத்தர்கூடக் கேக்கலையே, என் குரல்ல என்ன குறை, தேஞ்சு போச்சா'ன்னு கேட்டாங்க. 'சந்தைன்னா ஏறும் இறங்கும்மா'ன்னு சொல்லி வச்சுட்டேன். மைக்கை விலைக்குக் கொடுக்கப் போறாங்களாம். இனிமே கதைன்னு வாயே திறக்கப் போறதில்லையாம்."

"நீங்க உண்மையைச் சொல்லலை."

"சொன்னா மறுபடியும் சத்தம் கிளம்பும் அம்மா. அதனாலதான் விதி கேக்கறேன். விதின்னு ஒண்ணு இருந்தா, 'செஞ்சது நான் இல்லை, விதி'ன்னு சொல்லிடலாம் பாருங்க."

தவமணி கீரைத் தண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இங்கேயே இருங்கண்ணே. யோசிச்சுச் சொல்றேன்."

அவர் சமையற்கட்டுக்குள் போனார். உள்ளே யாரோ மெல்லப் பேசினார்கள். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு சத்தம் இல்லை.

பனி இன்னும் இறங்கியது. மரங்கள் அடியில் மட்டும் இருந்தன. மேல்பாதி எங்கே போனது என்று தெரியவில்லை. சீடர்கள் வெள்ளைக்குள்ளிருந்து வந்து வெள்ளைக்குள் போனார்கள். ஒரு பெண் வாசலைப் பெருக்கிக்கொண்டே வந்தார்.

"வணக்கம் அக்கா" என்றார் நாச்சியப்பன்.

அவர் நாச்சியப்பனின் கால்களைச் சுற்றிப் பெருக்கினார், தூணைச் சுற்றிப் பெருக்குவதுபோல. பெருக்கிவிட்டுப் போய்விட்டார்.

காது மந்தம் போலிருக்கிறது என்று நாச்சியப்பன் நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. பந்தியில் ஓர் இலை காலியாக இருந்தது. அதன் முன் போய் உட்கார்ந்தார். சோறு வந்தது. அவருக்கு வலப்பக்கத்தில் விழுந்தது, அடுத்து இடப்பக்கத்தில் விழுந்தது. நடுவில் அவருடைய இலை பச்சையாகவே இருந்தது.

"தம்பி, இங்கே ஒரு இலை!"

பரிமாறியவர் நிற்கவில்லை. குழம்பும் அவரைத் தாண்டிப் போனது. இரண்டு பக்கத்தில் இருந்தவர்களும் அவரைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள்.

"நாச்சியப்பண்ணன் இன்னைக்கு வர்றதாச் சொன்னாரே?"

"வந்த மாதிரி தெரியலையே. பனியைப் பார்த்துட்டுப் பாதி வழியில திரும்பியிருப்பார்."

"இதோ இருக்கேனே!" என்றார் நாச்சியப்பன்.

"நல்ல மனுஷன்" என்றார் வலப்பக்கத்துக்காரர், அவருடைய காதின் வழியாகச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்து. "ரசம் கொஞ்சம் இப்படி வரட்டும்."

பந்தியில் ஒருவரை விட்டுவிட்டுப் பரிமாறியதற்காகச் சம்பந்தமே முறிந்த வீடுகளை நாச்சியப்பன் பார்த்திருக்கிறார். யாராவது ஒருவர், 'உனக்குச் சோறு கிடையாது, எழுந்து போ' என்று சொல்லியிருந்தால், இலையை மடக்கி எறிந்துவிட்டுச் சண்டைக்குப் போயிருப்பார். ஆனால் யாரோடு சண்டை போடுவது? யாரும் எதுவும் சொல்லவில்லையே.

எழுந்து வெளியே வந்தார். கரையில் சூசை பரிசலின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சூசை! என்னைக் கரையில கொண்டு விடு."

சூசை தண்ணீரைப் பார்த்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சூசை!"

அந்தக் குரல் ஏரியின் மேல் போயிற்று. பனிக்குள் நுழைந்தது. எதிலும் பட்டுத் திரும்பவில்லை. பஞ்சுப் பொதிக்குள் கல் விழுந்ததுபோல அடங்கிவிட்டது.

அப்போதுதான் அவருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. குரல் வெளியே வருகிறதா? தொண்டையைச் செருமிப் பார்த்தார். தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தார். கேட்டது போலவும் இருந்தது, நினைப்பு போலவும் இருந்தது. ஏரி ஓரம் குனிந்து பார்த்தார். தண்ணீரில் அவர் முகம் தெரியவில்லை. பனியால்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். ஒருவேளை காலையில் பரிசல் கவிழ்ந்துவிட்டதோ? சூசை நீந்திக் கரையேறி, நான் மட்டும் ஏரிக்குள்ளேயே இருக்கிறேனோ? தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

அதற்குமேல் அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு நாவல் மரத்தடியில் போய் உட்கார்ந்தார். இலைகளிலிருந்து பனித்துளிகள் சொட்டின. எங்கோ ஒரு நீர்க்கோழி கூவியது. அதற்கு இன்னொன்று பதில் கூவியது. அதைக் கேட்டபோது நாச்சியப்பனுக்குக் கண் கலங்கியது.

வெயில் வராமலே பொழுது சாய்ந்தது. தவமணி தட்டில் சோறும் கீரையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் எதிரே வைத்தார்.

"சாப்பிடுங்கண்ணே."

நாச்சியப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா... நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது."

"இப்பதான் கேக்குதா?"

"காலையிலேர்ந்தே எல்லாருக்கும் கேட்டுச்சு. சூசைக்குச் சிரிப்பு வந்துடுச்சாம், அதான் முகத்தைத் திருப்பிக்கிட்டாராம்."

நாச்சியப்பன் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் என்ன தப்பு செஞ்சேம்மா? ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா சத்தம் கிளம்பும்."

நாச்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சோற்றைத் தொடவில்லை.

கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கதையைத் திரும்ப வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"நான் அதைச் சொல்லலை."

"அடியோட எடுத்துடச் சொல்றீங்களா?"

"அதையும் சொல்லலை. கடை உங்களுது. வைக்கக் கூடாத சரக்குன்னு தோணினா எடுக்கத்தானே வேணும்."

"அப்ப எனக்கு என்னதான் சொல்றீங்க?"

"அந்த மேட்டுமேல ஏறினா சிக்னல் கிடைக்கும்."

நாச்சியப்பன் மேட்டில் ஏறி மரகதவல்லியின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்கள்.

"அம்மா, நான் செவிச் சந்தை நாச்சியப்பன்."

"சொல்லுங்கய்யா. மைக் விலை படிஞ்சிருச்சு. நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்க."

"கொடுத்துடாதீங்கம்மா. உங்க கதையை யாரும் கேக்காம இல்லை. யாரும் கேக்க முடியாம நான்தான் மறைச்சு வச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"ஆடியிலேர்ந்து."

"ஆடியிலேர்ந்தா! ஆடியிலேர்ந்து நான் மிளகும் பனங்கற்கண்டுமா மென்னுக்கிட்டிருக்கேன்யா! தொண்டை டாக்டர்கிட்ட வேற போனேன். வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, 'குரலுக்கு ஒண்ணுமில்லைம்மா'ன்னார். இவனுக்கு வைத்தியமே தெரியலைன்னு திட்டிட்டு வந்தேன்!"

"தப்புதாம்மா. பிள்ளைங்க கேட்டு மனசு கெட்டுடக் கூடாதேன்னு..."

"பிள்ளைங்களுக்குன்னு யார் சொன்னது? வீட்டுல விளக்குக்கு வழியில்லாம பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு முழிச்சிருக்காளே, அந்தப் பெத்தவளுக்குச் சொன்ன கதை அது. குழந்தைங்க வரிசையில கொண்டுபோய் வச்சது உங்க ஆளுங்க! நிலா வந்துட்டா குழந்தைக் கதையாமா?"

நாச்சியப்பனுக்கு இது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"இருந்தாலும் அம்மா, திருடினவ கடைசியில ஒரு வார்த்தை வருத்தப்பட்டிருக்கலாம்."

"அவ ஏன் வருத்தப்படணும்? ஊர் நிலாவைத் தன் குளத்துல அடைச்சு வச்ச ராஜா வருத்தப்பட்டானா? உங்களுக்குப் பிடிக்கலையா, வாசல்ல பலகை மாட்டுங்க. 'மரகதவல்லி கதை இங்கே கிடையாது, எனக்கு ஒப்பலை, இப்படிக்கு நாச்சியப்பன்'னு மாட்டுங்க. நான் வேற சந்தை பார்த்துக்கறேன். நாலு பேர் உங்களைக் கேக்கட்டும், நாலு பேர் என்னைக் கேக்கட்டும். உயிரோட இருக்கிறவ மேல மண்ணைத் தள்ளிட்டு, சத்தம் அடங்கிடுச்சுன்னு சந்தோஷப்பட்டீங்களாய்யா?"

நாச்சியப்பன் கைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார். அப்படியும் கேட்டது. அந்தக் குரல் மேட்டிலிருந்து சரிந்து, பனிக்குள் புகுந்து, கரைவரைக்கும் போயிற்று. கீழே சூசை துணியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

நாச்சியப்பன் போனை வைக்கவில்லை. அந்தம்மா சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

திரும்பி வந்தபோது தவமணி அதே மரத்தடியில் இருந்தார்.

"மைக்கை விக்கலையாம்" என்றார் நாச்சியப்பன். "மத்தது எதுவும் முடிவாகலை. பெரியவங்க வரிசையில வைக்கிறதா, என் பேரைப் போட்டுப் பலகை மாட்டறதான்னு நாளைக்கும் பேசணும். நாளைக்கும் திட்டுவேன்னு சொல்லியிருக்காங்க. அம்மா, என் ஆயுசுல யாரும் என்னை இப்படித் திட்டினதில்லை. காது இன்னும் கூசுது."

தவமணி சோற்றுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அவங்க குரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.