கடனே வாங்காதவர்

"சாமி, பொறந்ததுல இருந்து ஒரு பைசா கடன் வாங்குனதில்லீங்க. அதனால எனக்குக் கடன் கிடையாதுன்னுட்டாங்க."

சென்னியப்பன் இதை நின்றுகொண்டே சொன்னார். உட்கார மனம் வரவில்லை.

வாய்க்கால்மேட்டு சாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குரு மூத்தவராக இருக்க வேண்டும் என்று ஏதாவது சாஸ்திரத்தில் இருந்தாலும் இந்தச் சாமி அதைப் படித்திருக்க மாட்டார். முன்பு ஒரு பைனான்ஸில், தவணை கட்டாதவர்களின் வண்டியைத் தூக்கிவரும் வேலை பார்த்தவர். ஒருநாள் தூக்கிவந்த வண்டியை ஆபீஸில் விட்டுவிட்டு, நடந்தே வந்து வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், டீ குடிக்கிறீர்களா என்பார்.

"யாரு சொன்னது?" என்றார் சாமி.

"பேங்க்ல லோன் பாக்கற அம்மாதான். கம்ப்யூட்டரத் தட்டிப் பாத்துட்டு, உங்களப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லைங்களேங்கறாங்க. ஒண்ணும் இல்லைன்னா நல்லதுதானுங்களே?"

"அப்பறம்?"

"நீங்க நல்லவராவே இருக்கலாம், எங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க. சின்னதா ஒரு லோன் வாங்கி ஒழுங்காக் கட்டிட்டு அடுத்த வருசம் வரணுமாம். இல்லைன்னா, ஏற்கெனவே ஒழுங்காக் கட்டுன ஆளு யாராச்சும் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடணுமாம். எனக்கு யாருங்க இருக்கா?"

அடுத்த வருஷம் என்பது சென்னியப்பனுக்கு ஆகாது. அவர் டிரைவராக இருக்கும் ரைஸ்மில்லின் முதலாளி, தன் மகனோடு இருக்கக் கோயமுத்தூர் போகிறார். காரை விற்கப்போகிறார். இத்தனை காலம் அதை ஓட்டியவர் சென்னியப்பன் என்பதால், "நீயே எடுத்துக்கப்பா, மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றிருந்தார். முன்பணத்துக்குச் சேமிப்பு இருந்தது. மீதிக்குத்தான் லோன். கார் கைக்கு வந்தால் வாடகைக்கு ஓட்டலாம். வராவிட்டால், இந்த வயதில் டிரைவர் வேலை கேட்டு இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும்.

"மானமா வாழ்ந்தது தப்புங்களா சாமி?"

சாமி ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினார்.

"உங்க தெருவுக்குப் போயி ஒரு படி அரிசி கடன் வாங்கிட்டு வாங்க, சென்னியப்பண்ணா."

"அரிசிங்களா? எங்கூட்ல இருக்குதுங்க."

"கடன் வாங்கிட்டு வாங்க."

சென்னியப்பன் பையை வாங்கிக்கொண்டார். அகந்தை அழிவதற்குத்தான் இது என்று அவராகவே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டார். சீடர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

முதலில் மூலைக்கடை.

"கடனுங்களா? உங்களுக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஏன், குடுத்தா திருப்பித் தர மாட்டனா?"

"அப்படிச் சொல்லலீங்ணா. நீங்க எப்பவும் கையில காசு குடுத்துத்தான் வாங்குவீங்க. கடனுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாதுங்களே." கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "உங்கூட்டு அக்காவ ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. மூட்டையவே எடுத்துட்டுப் போங்க."

சென்னியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பி எதிர்வீட்டு நாச்சம்மாள் வாசலுக்குப் போனார்.

"ஒரு படி அரிசி வேணும் தங்கச்சி. நாளைக்குத் தந்துடறேன்."

நாச்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போனாள். அரிசியோடு வருவாள் என்று பார்த்தால் போனோடு வந்தாள்.

"அக்கா, உங்கூட்டுக்காரரு வந்து அரிசி கடன் கேக்கறாருக்கா. குடுக்கட்டுமா?"

போனில் சென்னியப்பனின் மனைவி துளசிமணியின் குரல் தெருவுக்கே கேட்டது.

"குடு. நான் தந்துக்கறேன்."

நாச்சம்மாள் படியைத் தலைதட்டாமல் குவித்து அளந்து போட்டாள்.

சென்னியப்பன் பையோடு வாய்க்கால் மேட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் பின்னாலேயே துளசிமணியும் வந்து சேர்ந்தாள். தறி ஓட்டிக்கொண்டிருந்தவள், நூல் பிசிறு ஒட்டிய சேலையோடு அப்படியே வந்திருந்தாள்.

"ஏனுங் சாமி, ஊட்ல அரிசி இருக்கறப்ப இந்த மனுசனத் தெருவுல கையேந்த விட்டது நீங்கதானா?"

"நான்தானுங்க அம்மா."

"நாலு பேரு என்ன நினைப்பாங்க? நான் இவருக்குச் சோறு போடறதில்லைன்னு நினைக்க மாட்டாங்களா?"

"நினைக்கலாம். அரிசி குடுத்துட்டாங்களா?"

"எனக்குக் குடுக்காம?"

சாமி சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் பையைப் பார்த்தார்.

"அம்மா, உங்கூட்டுக்காரரு இதுக்கு முன்ன கடன் வாங்கியிருக்காருங்களா?"

"இவரா?" துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவரு எதுக்கு வாங்கறாரு? நான்தான வாங்குவேன்."

"நீ எப்பப் புள்ள வாங்குன?" என்றார் சென்னியப்பன்.

"எடம் வாங்குனது எதுல? உங்க பைக்கு எதுல? மூத்தவ காலேஜ் பீஸு எதுல? எல்லாம் மகளிர் குழு லோன்தானுங்க."

"அது பொம்பளைங்க குழு. அதையெல்லாம் கடன்ல சேர்ப்பாங்களா? மாசாமாசம் நான்தான காசு குடுத்தேன்."

"குடுத்தீங்க. முதலாளி சம்பளத்த இழுத்தடிச்ச மாசமெல்லாம் யாரு குடுத்தது? ஆட்ட வித்து நான் கட்டுனேன். செவ்வாக்கெழமை கூட்டத்துல ஒருத்தி பணம் கட்டலைன்னா மத்தவங்க யாரும் எந்திரிச்சு ஊட்டுக்குப் போக முடியாது. புள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்து வந்து பசியோட வாசல்ல நிக்கும். ஆனாலும் உக்காந்துதான் கெடக்கோணும்." துளசிமணியின் குரல் இறங்கியது. "என்னால யாரும் ஒரு நாளும் அப்படி உக்காந்ததில்லீங்க."

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

'கடனே வாங்காதவன்' என்று டீக்கடையில், கல்யாண வீடுகளில், முதலாளியிடம், ஏன், இன்று காலை பேங்கில்கூடத் தலையை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தவர் சென்னியப்பன். இப்போது அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. மனைவியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"சாமி, பேங்க்ல அந்தம்மா கேட்ட ஆளு..."

"ம்."

"எங்கூட்லயே இருக்குதுங்க."

சாமி அரிசியைச் சட்டியில் கொட்டிக் களைய ஆரம்பித்தார்.

சென்னியப்பன் மனைவி பக்கம் திரும்பினார். காரைப் பற்றி, முதலாளி வைத்த கெடுவைப் பற்றி, லோன் பற்றி எல்லாம் சொன்னார். இதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று இருந்தாராம்.

"நாளைக்கு என்னோட பேங்க்குக்கு வா புள்ள. உன்ற கையெழுத்து வேணும். அது இருந்தா குடுத்துருவாங்க."

"வர்றனுங்க."

அவள் உடனே சரி என்றதும் சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

துளசிமணி சேலையில் ஒட்டியிருந்த பிசிறை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"எடத்துப் பத்திரம் உங்க பேர்ல. பைக்கு உங்க பேர்ல. கடன் மட்டும் எம் பேர்ல."

கடைசிப் பிசிறையும் எடுத்துப் போட்டாள்.

"காரு யாரு பேர்லங்க?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும் என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

சென்னியப்பன் சாமி பக்கம் திரும்பினார்.

"சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

சாமி கழுநீரை வடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா கேட்டது என்னையா?"