கடைசி வில்லை

"மேடம், இந்த ரெண்டுல எது பொய்?"

செங்கமலம் இரண்டு வரைபடங்களை மேசைமேல் வைத்தாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள், முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடம் விடுப்பில் வந்திருந்தாள். இந்த மாதத்தோடு விடுப்பு முடிகிறது. வழிகாட்டியான பேராசிரியர் நஸ்ரினுக்கு முப்பத்தைந்துதான்.

வெளுத்த கரிமத் தூள் ஒன்றில் பொட்டாசியத்தைக் கலந்து, நாள்கணக்காகச் சூடாக்கி, கறுப்பு வில்லைகளாக அழுத்தியிருந்தாள். அதில் ஒன்று கடுங்குளிரில் காந்தத்தை விலக்கியது. அப்படியென்றால் அது மீக்கடத்தி. அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும்.

அதே வில்லையை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தாள். மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

ஓடுகிறது என்றது ஒரு படம். ஓட ஆளே இல்லை என்றது இன்னொன்று.

கூட ஆய்வு செய்பவர்கள் இரண்டாவதை விட்டுவிட்டு ஆய்வேட்டை முடிக்கச் சொன்னார்கள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பத்து நாளாகச் சோறும் இறங்கவில்லை.

நஸ்ரின் படங்களைப் பார்த்தார். வில்லை எங்கே என்று கேட்டார்.

அது ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. காற்றுப் பட்டால் கெட்டுவிடும்.

"உடைங்க அக்கா."

மிச்சம் இருப்பதே அது ஒன்றுதான், மறுபடி செய்தால் வருமா என்பதும் தெரியாது என்று செங்கமலம் சொல்லிப் பார்த்தாள். நஸ்ரின் பெட்டிக்குள் கிடந்த சிறு குழவியைக் காட்டினார்.

செங்கமலம் பெட்டியின் ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டாள். குழவியால் ஒரு தட்டுத் தட்டினாள். வில்லை மூன்றாகப் பிளந்தது.

கறுப்பெல்லாம் மேல்தோலோடு சரி. உள்ளே ஒரு பக்கம் சாம்பல் நிறம். நடுவில் பொட்டாசியமே தொடாத வெள்ளை. ஓரமாக, ஊசிமுனை அளவுக்கு ஏதோ மினுங்கியது.

வெகுநேரம் குனிந்து பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"இதுல எது மேடம் என் பொருள்?"

நஸ்ரின் கண்ணாடியை ஒட்டி வந்து நின்று கறுப்பு, சாம்பல், வெள்ளை, மினுங்கும் புள்ளி என்று ஒவ்வொன்றாக விரலால் காட்டினார்.

"இத்தனை பேரையும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க அக்கா. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் திரும்பிப் பார்த்தாங்க."