பல்லக்கில் வந்த மூன்று ஆட்டக்காரர்கள்

கேளுங்கள், உட்கார்ந்திருப்பவர்களும் நின்றிருப்பவர்களும். ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலத்தில், மருதங்காடு என்ற சின்ன நாட்டைக் கொற்றங்கோ என்றொரு மன்னன் ஆண்டான். நல்லவன், இரக்கமுள்ளவன். பந்தாட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் அவனுக்குப் புத்தி கழன்றுவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. ஆற்றுக்கு அக்கரையில் ஆலங்கரை என்ற நாடு இருந்தது. அதை ஆண்டவள் தேமொழி அரசி. இரண்டு நாட்டுக்கும் ஒரே அணை, ஒரே மதகு. ஆண்டுக்கு ஒருமுறை இரு நாட்டாரும் பிரம்புப் பந்தை உதைத்து ஆடுவார்கள். ஜெயித்த நாட்டுக்குத்தான் முதல் நாற்பது நாள் தண்ணீர். வெட்டிக்கொண்டு செத்து அலுத்துப்போன முன்னோர்கள் செய்த ஏற்பாடு அது.

மருதங்காடு மூன்று ஆண்டு தொடர்ந்து தோற்றது. மூன்றாம் முறை தோற்ற அன்று மன்னன் குதிரை லாயத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். குதிரைகள் சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தன.

மறுநாள் காலை நாவுக்கினியான் என்ற தரகன் வந்தான்.

"மகாராஜா, தெற்கே இடிக்காலன் என்றொருவன் இருக்கிறான். அவன் உதைத்தால் பந்து போவது தெரியாது, போன பிறகுதான் தெரியும். கருவூலத்துப் பொன் முழுவதும் கொடுத்தால் வருவான்."

கருவூலக் கணக்கர் அறவாழி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "அரசே, இந்த ஆண்டு வரவுக்குள் இது அடங்குமா?"

"வெற்றிக்கு விலை பார்ப்பதா!" என்றான் மன்னன். பொன் போயிற்று. இடிக்காலன் பல்லக்கில் வந்தான்.

தரகன் மறுபடி வந்தான். "இடிக்காலன் தனியாக என்ன செய்வான்? அவனுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுக்க மின்னற்பாதன் வேண்டுமே."

"அரசே, வரவுக்குள் அடங்குமா?" என்றார் அறவாழி.

"வெற்றிக்கு விலை பார்ப்பதா!" அரண்மனைக் கூரையின் செப்புத் தகடுகளைப் பெயர்த்து விற்றார்கள். அன்று முதல் மன்னன் வெண்கொற்றக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான். மின்னற்பாதன் பல்லக்கில் வந்தான்.

தரகன் மூன்றாம் முறையும் வந்தான். "பந்து புகும் கம்பங்களுக்கு முன்னால் நின்று தடுக்க மலைமார்பன் இல்லாவிட்டால் இருவரும் வீண்."

அறவாழி வாயைத் திறந்தார். "வெற்றிக்கு விலை பார்ப்பதா!" என்று மன்னன் முந்திக்கொண்டான். களஞ்சியத்தில் நாட்டு மக்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து வைத்திருந்த விதைநெல் வண்டி வண்டியாகப் போயிற்று. மலைமார்பன் பல்லக்கில் வந்தான்.

மூவரும் கொண்டுவந்த ஒப்பந்த ஓலையில் ஒரு விதி இருந்தது. பந்தை உதைக்கும் நேரம் தவிர அவர்கள் கால் தரையில் படக் கூடாது. ஆகவே மருதங்காட்டின் பழைய ஆட்டக்காரர்கள் பதினொருவரும் பல்லக்குத் தூக்கப் போனார்கள். மூன்று பல்லக்குக்குப் பன்னிரண்டு ஆள் வேண்டும், இருந்ததோ பதினொருவர். மூன்றாம் பல்லக்கு எப்போதும் சற்றுச் சாய்ந்தே போகும்.

ஆட்ட நாள் வந்தது. மேலும் ஆள் வாங்க மன்னனிடம் எதுவும் மிச்சமில்லை. ஆலங்கரையின் பதினொருவருக்கு எதிராக மூன்று பல்லக்குகள் களத்தில் ஓடின. பந்து எங்கே போனாலும் பல்லக்கும் அங்கே போகும். இறங்குவார்கள், உதைப்பார்கள், ஏறிக்கொள்வார்கள். பொய் சொல்லக் கூடாது, அற்புதமாகத்தான் ஆடினார்கள். மூன்றுக்குச் சுழியம் என்று மருதங்காடு ஜெயித்தது.

கொற்றங்கோ மேளக்காரனைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான். மதகு திறந்தது. தண்ணீர் வாய்க்காலில் குதித்து வந்து வயலையெல்லாம் நிரப்பியது.

மன்னன் வரப்பில் நின்று காத்திருந்தான். ஒருவரும் விதைக்க வரவில்லை.

"ஏன் விதைக்காமல் நிற்கிறீர்கள்?" என்றான்.

பூதன் என்ற உழவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். "எதை விதைப்பது, மகாராஜா? நம் விதைநெல்தான் அதோ அந்தச் சாய்ந்த பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறதே."

மன்னன் தண்ணீரைப் பார்த்தான், பூதனுக்குப் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தான். பிறகு, திகைப்பில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், பல்லக்கின் திரையை விலக்கிக் கேட்டான்.

"மலைமார்பா, உன்னை நட்டால் முளைப்பாயா?"

மலைமார்பன் ஓலையை எடுத்து நிதானமாகப் படித்துப் பார்த்தான். "இதில் அப்படி எழுதவில்லையே" என்றான்.

ஓட்டமாக ஓடித் தரகனைப் பிடித்தார்கள். "மூவரையும் எடுத்துக்கொள். கொடுத்ததைத் திருப்பிக் கொடு" என்றான் மன்னன்.

தரகன் மூவரின் முழங்காலையும் தட்டிப் பார்த்தான். "மூவருக்கும் வயது ஏறிவிட்டது, மகாராஜா. அதோடு சாய்ந்த பல்லக்கில் போனவனுக்கு இடுப்புப் பிடிப்பு. மூவருக்கும் சேர்த்து ஓர் ஆடு தருகிறேன்."

"ஓர் ஆடா!"

"கிடா. நல்ல கொம்பு."

நாட்கள் கடந்தன. தண்ணீர் வயலில் நின்று பாசி பிடித்தது. நாற்பதில் பன்னிரண்டு நாள் போனதும் கொற்றங்கோ கிடாவை ஓட்டிக்கொண்டு தனியாக ஆற்றைக் கடந்தான். தலையில் இருந்த முடியைப் பணிவோடு கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

தேமொழி அரசி அப்போது தன் ஆட்டக்காரர்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் எல்லோரும் அவள் ஊர்த் தெருக்களில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். வரவுக்குள் செலவு செய்துதான் அவள் அவர்களை வளர்த்திருந்தாள்.

"விதைநெல் வேண்டும், அம்மா. கொடுக்க என்னிடம் இந்தக் கிடாதான் இருக்கிறது" என்றான்.

"கிடாவை நீயே வைத்துக்கொள், கொற்றங்கோ. உன் மக்களைப் பட்டினி போட எனக்கு மனம் வராது. என் வயலும் காய்கிறது. மிச்சமிருக்கும் இருபத்தெட்டு நாள் தண்ணீரில் பாதியை இந்தப் பக்கம் திருப்பிவிடு. நெல்லை என் வண்டியிலேயே அனுப்புகிறேன்."

நாட்டையே விற்று வாங்கிய வெற்றியில் மிச்சமிருந்ததைப் பாதியாக உடைத்து, அதற்கு விதைநெல் வாங்கிக்கொண்டு திரும்பினான் மன்னன். அன்று மாலையே அவனும் வயலில் இறங்கி விதைத்தான். கோணல்மாணலாகத்தான் விதைத்தான். பூதன் பின்னாலேயே வந்து சரி செய்தான்.

அடுத்த ஆண்டு பல்லக்குத் தூக்கிய பதினொருவரும் களத்தில் இறங்கினார்கள். ஓராண்டு பல்லக்கோடு ஓடிய கால்களுக்கு வெறும் கையோடு ஓடுவது விளையாட்டாக இருந்தது. ஆனாலும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒன்றை அடித்தவன் மாடன் என்ற பனையேறி. அவன் அடித்தபோது கொற்றங்கோ போட்ட சத்தத்தில் மன்னன் தொண்டையே மூன்று நாள் கட்டிக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் மருதங்காட்டுக்காரர்கள் தோல்வியைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள்.

நாளைய சோற்றை விற்று இன்றைக்கு வெற்றியை வாங்குகிறவன், ஜெயித்த பிறகும் தோற்றவனே.