முத்திரை விழும்வரை நிற்காத உப்பு வண்டிகள்

தென்கோடியில் கருங்கோட்டை என்று ஒரு ராஜ்யம். அதை ஆண்டவன் சொக்கராயன். நல்ல ராஜாதான். என்ன, கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்கு வேதம். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தார் பிரதானி பஞ்சநதம்.

சபையில் குழைக்காதர் என்று ஒரு விகடகவியும் இருந்தார். அவர் பேசினால் ராஜா வயிறு குலுங்கச் சிரிப்பான். சிரித்து முடித்ததும் அவர் சொன்னதை மறந்துவிடுவான்.

ஒருநாள் பிரதானி எழுந்தார்.

"மகாராஜா, கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றி வரும் மாடுகளுக்குத் தீனி போட்டு மாளவில்லை. வைக்கோற்போரெல்லாம் கரைகிறது. உப்பும் நேரத்துக்கு வருவதில்லை. வண்டிக்காரர்கள் வழியெல்லாம் படுத்துத் தூங்குகிறார்கள்."

பிரதானி பிறந்ததிலிருந்து மாட்டுவண்டியில் ஏறியதில்லை. பல்லக்கில் போகும்போதும் திரையை இழுத்து விட்டுக்கொள்வார். ஆகவே வழியில் நடப்பதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

"என்ன செய்யலாம்?" என்றான் ராஜா.

"இனி மாட்டுக்குப் பாதித் தீனி. உப்பளத்தை விட்டுக் கிளம்பிய வண்டி, பண்டகசாலையில் சுமைமேல் என் முத்திரை விழும்வரை எங்கும் நிற்கக் கூடாது. நின்றால் மாடு பறிமுதல்!"

"ஆகா!" என்று கைதட்டினார் குழைக்காதர். "பிரதானி ஏன் பாதியோடு நிறுத்திவிட்டார்? தீனியை அடியோடு ஒழித்தால் மாடு பசியில் இன்னும் வேகமாக ஓடுமே!"

பிரதானி யோசித்தார். "அதை அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்.

ராஜா சிரித்தான். சிரித்துக்கொண்டே ஆணையில் கையெழுத்தும் போட்டான்.

சில நாளில் ஒச்சப்பன் என்ற வண்டிக்காரன் குழைக்காதர் வீட்டு வாசலில் வந்து நின்றான். பின்னால் அவன் மாடு.

"சாமி, வழியில நாங்க எங்க நிக்கிறோம்? ஓட்டமா ஓட்டிக்கிட்டு வந்து பண்டகசாலை வாசல்லதான் நிக்கிறோம். பிரதானி ஐயா வந்து முத்திரை போட்டாத்தான் கதவு திறக்கும். கேட்டா இன்னைக்கு எண்ணெய்க் குளியல்ங்கிறாங்க. நாளைக்கு அஷ்டமிங்கிறாங்க. மாடு சும்மா நின்னு நின்னே தின்னு தீக்குது. இப்ப அங்க நின்னாலும் மாட்டைப் புடிச்சுக்குவாங்களாம். இது போனா என் புள்ளகுட்டிக்குக் கஞ்சி ஏது?"

குழைக்காதர் அந்த மாட்டின் விலாவைத் தடவிப் பார்த்தார். எலும்புகள் ஒவ்வொன்றாகக் கையில் இடறின. தான் அடித்த வேடிக்கைக்கு ராஜாவோடு சேர்ந்து தானும் சிரித்தது நினைவுக்கு வந்து கசந்தது.

"பாதித் தீனியில மாடு எப்படி சாமி நிக்கும்?"

"நிற்கவே கூடாது என்பதுதானே ஆணை!" என்றார் குழைக்காதர். சொன்ன கையோடு அவர் முகம் மலர்ந்தது. "ஒச்சப்பா, வழியில் அந்தச் செம்மணல் தேரிக்காட்டில் உங்களை யார் பார்க்கிறார்கள்? நிழல் கண்ட இடத்தில் மாட்டை அவிழ்த்து விடுங்கள். வயிறார மேயட்டும். நிதானமாக ஓட்டி வாருங்கள். ஆனால் கோட்டைக்குள் நுழைந்த பிறகு, பிரதானியின் ஆணையை ஓர் எழுத்துக்கூட மீறாதீர்கள்."

அடுத்த முறை உப்பு வண்டிகள் கோட்டைக்குள் வரிசையாக நுழைந்தன. பண்டகசாலைக் காவலன் கையை நீட்டி மறித்தான்.

"நில்லுங்கடா! பிரதானி இன்னும் எழுந்திருக்கவில்லை."

"முத்திரை விழாம நிக்கக் கூடாதுங்க. ராஜா உத்தரவு" என்றான் ஒச்சப்பன். மாட்டைத் தட்டி விட்டான்.

வண்டிகள் அரண்மனையைச் சுற்றின. மறுபடி சுற்றின. பிரதானி எழுந்தார், குளித்தார், பூசை செய்தார், தாம்பூலம் போட்டார். வண்டிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அச்சு கிறீச்சிட்ட சத்தத்தில் ராணியின் வீணை எடுபடவில்லை. சாளரம் வழியே வந்த புழுதி ராஜாவின் பாலில் இறங்கியது. மதியம் இலையில் உட்கார்ந்த ராஜா ஒரு கவளம் வாயில் வைத்துத் துப்பினான்.

"உப்பு எங்கே?"

சமையற்காரன் சாளரத்தைக் காட்டினான். "வாசலில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது மகாராஜா."

குழைக்காதரைக் கூப்பிட ஆள் ஓடியது. பஞ்சநதம் ஏப்பம் விட்டபடி தாமே வந்தார்.

"இது உம்முடைய குறும்புதானே?" என்று ராஜா குழைக்காதரைப் பார்த்துச் சீறினான்.

"நான் என்ன செய்தேன்? உங்கள் ஆணைக்குக் கீழ்ப்படியச் சொன்னேன். இந்த ராஜ்யத்தில் அது அவ்வளவு பெரிய குற்றமா?"

"வண்டியை நிறுத்தச் சொல்லும்!"

"நிறுத்தினால் மாடு பறிமுதல். முத்திரை விழுந்தால் தானாக நிற்கும். முத்திரையோ பிரதானியின் இடுப்பில் இருக்கிறது."

ராஜா திரும்பினான். "பஞ்சநதம், போய் முத்திரை போடும்."

"ஓடுகிற வண்டியிலா?"

"நிற்காத வண்டிக்கு ஆணை எழுதியவர் நீர்தானே? ஓடும்!"

பிரதானி ஓடினார். அங்கவஸ்திரம் ஒரு பக்கம் பறந்தது, தலைப்பாகை ஒரு பக்கம் உருண்டது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூட்டைமேல் முத்திரை குத்தினார். ஒரு வண்டி நின்றது. அடுத்த வண்டி அதற்குள் மூலை திரும்பிவிட்டது. ஒச்சப்பன் மட்டும் இரக்கப்பட்டு, "ஐயா, பையத்தான் போறேன், வாங்க" என்று குரல் கொடுத்தான். உப்பரிகையில் நின்ற ராஜாவுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு.

சிரித்து முடித்தவன் இந்த முறை மறக்கவில்லை. "வாசலில் நிற்கிற நேரத்தில் இந்த மாடுகள் என்ன செய்யும் குழைக்காதரே?" என்று கேட்டான்.

"தின்னும் மகாராஜா. வழி தின்றதைவிட வாசல் தின்றதுதான் அதிகம்."

அன்றே ஆணை மாறியது. மாட்டுக்கு முழுத் தீனி. வண்டி அதனதன் நடையில் வரலாம். வந்ததும் கதவு திறக்க வேண்டும். காக்க வைத்தால், காக்க வைத்தவர் தம் கையாலேயே மாட்டுக்குப் புல் அறுத்துப் போட வேண்டும்.

"உமக்கு என்ன பரிசு வேண்டும், கேளும்" என்றான் ராஜா.

குழைக்காதர் பணிவாகக் கையை நீட்டினார்.

"எதுவானாலும் சரி மகாராஜா, இப்போதே இந்தக் கையில் கொடுத்துவிடுங்கள். பிரதானி மூலமாக அனுப்பினால், அதை வாங்க என் பேரன் பல்லுப்போன கிழவனாகித் தடியூன்றி வரவேண்டியிருக்கும்."