பின்னறை ஜெபம்

"எங்கப்பா எங்கிட்டப் பேசி எட்டு மாசம் ஆச்சு சிஸ்டர். மாசிலான்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்."

சொல்லும்போதே மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய மனுசன், பாவம். ஊருக்கு வெளியே ஜெப வீடு வைத்திருந்த கிருபாவதி சிஸ்டருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. பேச்சும் குறைவுதான்.

"கோவமா இருக்காரா?"

"கோவமெல்லாம் இல்ல. எந்நேரமும் கண்ண மூடி ஜெபம் பண்ணுதாரு. முடிக்கவே மாட்டேங்காரு."

"முன்னயும் அப்படித்தானா?"

"முன்ன குடும்ப ஜெபத்துல கடைசியா அவருதான் ஜெபிப்பாரு. நீளம்னா நீளம், அம்புட்டு நீளம்! சொன்ன பேரையே திருப்பித் திருப்பிச் சொல்லுவாரு. பிள்ளைகளுக்குப் பரீட்சை, எனக்குக் கடை. அதான் பின்னறையிலேயே தனியா ஜெபிச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டோம். சோறு, மருந்து எல்லாம் நேரத்துக்குப் போகுது. ஒரு குறையும் வைக்கல."

ஒரு குறையும் வைக்கலையாம்!

சிஸ்டர் எழுந்துபோய் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தார். கண்ணை மூடி, காப்பிக்காக ஸ்தோத்திரம் சொன்னார். "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே" என்று நிறுத்தினார்.

மாசிலாமணி டம்ளரை எடுத்தார்.

சிஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. அதே ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மாசிலாமணி டம்ளரைக் கீழே வைத்தார்.

மூன்றாவது தடவையும் அதே ஜெபம். காப்பியில் ஆடை படிந்துவிட்டது. இதென்னடா கூத்து என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. சிஸ்டர் நிறுத்தியதும் சத்தமாகவே "ஆமென்" என்றார்.

சிஸ்டர் கண்ணைத் திறந்தார். "குடிங்க."

அவர் குடிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சொல்லிக்கொள்ளாமல்கூட எழுந்து பஸ்ஸுக்கு ஓடினார்.

அப்பா பின்னறையில் கட்டில் விளிம்பில் கண்ணை மூடியபடி இருந்தார். குரல் தேய்ந்துபோயிருந்தது. மாசிலாமணி காலடியில் உட்கார்ந்து, எட்டு மாசத்தில் முதல் தடவையாக அந்த ஜெபத்தை முழுசாகக் கேட்டார். மருமகள் பேர் வந்தது. பேரப்பிள்ளைகள் பேர் வந்தது, பரீட்சையும் வந்தது.

"எம்மவன் இன்னும் வீடு வந்து சேரல ஆண்டவரே. அவனைப் பத்திரமாக் கொண்டுவந்து சேர்த்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் நல்ல பிதாவே..."

குரல் நின்றது.

மாசிலாமணி வாய்விட்டுச் சொன்னார்.

"ஆமென்."

அப்பா கண்ணைத் திறந்தார்.

"மாசிலா, வந்துட்டியாலே?"